முன்வரிசை ஆட்கள்

யோம் சாங்கில் என்கிற பெரியவருக்கு இடது கை விளங்காது. இடது கால் பாதி விளங்கும். வாய் முழுசாக விளங்கும். மூளையில் அடைப்பு வந்து இரண்டு வருஷமாகிறது. அடைப்பு மூளையின் மறுபக்கம் வந்திருந்தால் பேச்சு போயிருக்கும், வீட்டில் நிம்மதி இருந்திருக்கும் என்று ஓக்தான் என்கிற பெண் அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். அவரைப் பார்த்துக்கொள்ள தினமும் வருகிறவள் அவள்தான். இஞ்சியோன் நகரத்தில் ஒன்று போலவே நிற்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில் அவர் வீடு. மகள் மிராங் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவள் கிளம்பும்போது ஓக்தான் உள்ளே வருவாள். பிள்ளைகள் சாப்பிட்டு, அண்டா கழுவி அவள் திரும்பியதும் ஓக்தான் கிளம்புவாள்.

ஓக்தான் இரண்டாகப் பிரிந்த நாட்டின் வடக்குப் பாதியிலிருந்து தப்பி வந்தவள். சுரங்க ஊரில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனாள். மலைக்குள் இருந்த ஒரு படைப்பிரிவில் மருத்துவ உதவியாளராகப் போட்டார்கள். தெற்கே உள்ளவர்கள் 'சிறப்புப் படை' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்களே, அந்த மாதிரிப் படைப்பிரிவு. அங்கே அவள் செய்ததெல்லாம் கொப்புளம் கீறுவதும் புண்ணுக்குத் துணி கட்டுவதும்தான். வெளியே வந்து ஒரு ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டாள். பஞ்சத்தில் அவன் கால் வீங்கிச் செத்தான். எல்லை ஆற்றைக் கடந்தாள், சீனாவில் ஒருத்தன் சோளக்கொல்லையில் சில வருஷம் குனிந்தாள், பிறகு எப்படியோ தெற்கே வந்து சேர்ந்தாள்.

வந்தவர்களை உட்கார வைத்து விசாரிப்பது இங்கே வழக்கம். அவளையும் விசாரித்தார்கள். நல்ல சட்டை போட்ட ஒருவர் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க படைப்பிரிவுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

"எனக்குத் தெரிஞ்சது காலுதாங்க. கொப்புளம் வெச்ச காலு, பனியில கறுத்த காலு."

"அப்ப காலை எண்ணி ரெண்டால வகுத்துச் சொல்லுங்களேன்."

"எல்லாக் காலும் என்கிட்ட வராதுங்களே. நல்லா இருக்கற காலு எதுக்கு வரப்போவுது?"

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வெளியே விட்டதும் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்து தேறினாள். நோயாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. புரட்டிப் படுக்க வை, குதிகாலைப் பார், தோலைப் பார். இதில் வடக்கும் இல்லை தெற்கும் இல்லை. அது அவளுக்குப் பிடித்துப் போனது.

அப்படிப் பிழைக்க வந்தவளுக்கு வாய்த்த நோயாளி யாரென்றால், அந்தப் படையை எண்ணியே காலம் தள்ளிய மனிதர்.

பெயர்ப்பலகை இல்லாத ஒரு அலுவலகத்தில் பெரியவருக்கு வேலை. வடக்கின் சிறப்புப் படையில் எத்தனை பேர், எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று கணிப்பது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அது ஒன்றேதான். வடக்கில் ஒரு நாள் கால் வைத்ததில்லை. அணிவகுப்புப் படங்களைப் பார்ப்பார், வானத்திலிருந்து எடுத்த படங்களில் கூரைகளைப் பார்ப்பார், தப்பி வந்தவர்கள் சொன்னதைப் படிப்பார். கடைசியில் இரண்டு லட்சம் என்பார், அத்தனை பேரும் புலி என்பார். பக்கத்து மேஜையில் பாங் ஹோசிக் என்று ஒருவர். அதே படங்களைப் பார்த்துவிட்டு அவர் ஒரு லட்சம்கூடத் தேறாது, அதிலும் பாதிப் பேர் அவரைச் செடிக்குக் களை வெட்டுகிறவர்கள் என்பார். ஒரே அறையில் இருந்துகொண்டு கடைசிவரை சண்டை போட்டார்கள். ஓய்வு பெற்ற அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மெடல் குத்தி அனுப்பி வைத்தார்கள்.

ஓக்தான் எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்த நாளில் பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து குளிப்பாட்டும் நேரமெல்லாம் விசாரணைதான்.

"ஏம்மா, உங்க பட்டாலியன்ல எத்தனை பேரு இருப்பாங்க?"

"கையைத் தூக்குங்கய்யா."

"முந்நூறு இருக்குமா?"

"இருக்கும்."

"போன வாரம் எரநூறுன்னியே?"

"போன வாரம் நூறு பேரு நாத்து நடப் போயிருந்தாங்க. திரும்பி உக்காருங்க, முதுகு தேய்க்கணும்."

"விளையாடாத. வெறுங்கையால செங்கல் உடைப்பாங்கதானே?"

"உடைப்பாங்க. மொத நாளே செங்கலை நடுவுல லேசாக் கீறி வெச்சிருவாங்க."

"அப்ப எல்லாம் சும்மா, பாங் சொன்னதுதான் சரிங்கிற?"

"சும்மான்னு யாரு சொன்னா? மணல் மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு பனி மலையில விடிய விடிய நடப்பான். உங்க ஊருப் பையன் ஸ்கூல் பையைத் தூக்கிக்கிட்டு ஒரு மாடி ஏறட்டும் பாப்போம், லிஃப்ட் இல்லாம."

பெரியவருக்கு இது ஒத்து வராது. ஒன்று புலி, இல்லாவிட்டால் எலும்புக்கூடு, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும் அவருக்கு. டெலிவிஷனிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வாரம் நிகழ்ச்சிக்கு வந்தவன் வடக்குப் படைவீரன் சுவர் ஏறிக் குதிப்பான் என்கிறான், அடுத்த வாரம் வந்தவன் அவன் எலி பிடித்துத் தின்கிறான் என்கிறான். இரண்டு பேரும் நிகழ்ச்சி முடிந்து வறுத்த கோழி தின்னப் போகிறார்கள். ஓக்தான் அந்த நிகழ்ச்சி வந்தால் சேனலை மாற்றிவிடுவாள்.

ஒரே ஒருமுறை பொறுமை போய் உள்ளதைச் சொன்னாள். மேலிடத்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால், அக்கம்பக்கத்துப் பட்டாலியன்களில் நன்றாக இருப்பவர்களையெல்லாம் பொறுக்கி ஒரே மைதானத்தில் நிறுத்துவார்கள். இருப்பதில் நல்ல பூட்ஸ் அவர்களுக்குத்தான். அன்றைக்கு மட்டும் மாமிச சூப். ஒடிந்தவன், வீங்கியவன், இருமுகிறவன் எல்லாரையும் விறகு வெட்ட மலைக்கு ஓட்டிவிடுவார்கள். ஓக்தானுக்கு அன்றைய வேலை, முன்வரிசையில் நிற்பவர்கள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தேய்த்துவிடுவது. அதிகாரி பார்ப்பார், மெச்சுவார், போவார்.

"அந்த அதிகாரிக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர்.

"ஏன் தெரியாம? அவரு பட்டாலியன்லயும் அதானே நடந்துது."

இப்படி ஒருத்தரை ஒருத்தர் சகித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோதுதான் மறுபரிசீலனை வந்தது.

நடமாட முடியாத முதியவருக்கு அரசுக் காப்பீட்டில் ஆள் அனுப்புவார்கள். அதற்கு ஒரு பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்த்து, இவருக்கு உதவி தேவை என்று நிலை போட வேண்டும். போட்டாலும் அது சாசுவதம் இல்லை. மறுபடி வந்து பார்ப்பார்கள். தேறிவிட்டார் என்று எழுதிவிட்டால் ஓக்தான் வருவது நிற்கும். நின்றால் மிராங் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் பெரியவர் தனியாக இருக்க வேண்டும். வேலையை விட அவளால் முடியாது. வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது. தனியாக இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் பார்த்ததுதான். ஓக்தான் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்து, மகள் வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். அவள் வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு முறை விழுந்தால் எழுப்ப வேண்டிய அவசியம் இருக்காது.

ஓக்தான் மிராங்கிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "அவங்க வர்ற அன்னிக்கு வீட்டை அப்படியே விடு மிராங். எதையும் எடுத்து வெக்காத. பாக்கட்டும்."

"சரிக்கா."

"அப்பாகிட்ட வீம்பு பண்ணாதீங்கன்னு சொல்லு."

"சொல்றேங்க்கா."

அந்த நாள் காலையில் ஓக்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால், தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது. கட்டில் பக்கத்தில் இருக்கும் கமோடு நாற்காலியைக் காணோம். பிடித்து நடக்கும் வாக்கரைக் காணோம். ஜன்னலோரம் அடுக்கியிருந்த டயாப்பர் பொட்டலங்களைக் காணோம். மேஜையில் பூ.

"எங்க எல்லாம்?"

மிராங் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்தி நின்றிருந்தாள். "பால்கனியில வெச்சுட்டேங்க்கா. ஒரு ஆபீசர் வர்ற வீட்டுல நடுக்கூடத்துல அதை வெச்சுக்க முடியுமா? நாத்தம் அடிக்குதுன்னு நினைக்க மாட்டாங்க?"

"நினைக்கட்டும்னுதானடி சொன்னேன்."

"அதுக்காக..." என்று இழுத்துவிட்டு மிராங் பேரிக்காய் சீவப் போனாள்.

வேறு நாட்டில் வேறு மாதிரி இருக்குமோ என்னவோ. இங்கே பரிசோதகர் வருகிறார் என்றால் பரிசோதிக்க வேண்டியதைத்தான் முதலில் ஒளித்து வைப்பார்கள். வறுமையைப் பார்க்க வருகிறவருக்குக் கடன் வாங்கி விருந்து வைக்கிற ஜனம் இது. ஓக்தான் மனதுக்குள் வைதுகொண்டே பெரியவர் அறைக்குப் போனாள். வைதுகொண்டே அவரைக் குளிப்பாட்டினாள், சவரம் செய்தாள். கிழவர் அழுக்காக இருந்தால் பழி பராமரிக்கிறவள் மேல்தானே விழும். மாட்டிறைச்சி போட்டுக் கடற்பாசி சூப் வைத்துக் கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள். இடது காலுக்கு வெந்நீர்த் துண்டு போட்டு, தொடையிலிருந்து பாதம்வரை நன்றாக உருவிவிட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்தது.

"மெடல் வெச்ச கோட்டு" என்றார் பெரியவர்.

"அது எதுக்குய்யா?"

"எடு."

பரிசோதகர் பெயர் பியோன் சூரான். நடுவயது, களைத்த முகம், கையில் ஒரு டேப்லெட். அன்றைக்கு எத்தனையாவது வீடோ. வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

கிழமை சொன்னார், தேதி சொன்னார், அரசாங்கத்தில் யார் யார் என்ன பதவி என்றும் சொன்னார்.

"முகம் நீங்களே கழுவுவீங்களா?"

"பின்னே யாரு கழுவுவா?"

"டாய்லெட்டுக்கு?"

"நானே போவேன்."

ஓக்தான் குறுக்கே புகுந்தாள். "தினம் இப்படி இல்லீங்க. நான்தான்..."

"அவ பேச்சைக் கேக்காத. வடக்குல இருந்து வந்தவ. நேத்து ஒண்ணு சொல்வா, இன்னிக்கு ஒண்ணு சொல்வா."

"கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா ஐயா?"

பெரியவர் மேஜை விளிம்பைப் பிடித்தார், எழுந்தார். உண்மையாகவே எழுந்தார். மெடல் ஆட ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார். ஓக்தான் வாயைப் பிளந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் துணையில்லாமல் அவர் நடந்து அவள் பார்த்ததில்லை. மிராங்குக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா ரொம்ப மனவுறுதி உள்ளவருங்க" என்றாள், அந்த அறிவுகெட்டவள்.

பியோன் டேப்லெட்டைத் தட்டினாள். "நல்லாத் தேறிட்டீங்க ஐயா. சந்தோஷம். இனிமே ஆள் வர வேண்டிய தேவை இருக்காதுன்னு நினைக்கிறேன்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மிராங்கின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவள் பார்வை குளியலறைக் கதவுக்குப் போனது. பேரிக்காய்த் தட்டை நீட்டியபடியே நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றார் பெரியவர்.

"முடிஞ்சுதுங்க ஐயா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

பெரியவர் முகம் சிவந்தது. எழுதியது தனக்குச் சாதகமா பாதகமா என்ற யோசனையே அந்த முகத்தில் இல்லை. வேறு ஏதோ அவரைக் கடித்துவிட்டது.

"நடப்பியான்னு கேட்டே, நடப்பேன்னேன். நடன்னே, நடந்தேன். எழுதிக்கிட்டே. இதுக்குப் பேரு பரிசோதனையா?"

"ஐயா?"

"எனக்குக் கீழ ஒருத்தன் இப்படி ஒரு அறிக்கை கொண்டாந்திருந்தா அவனை ஆளில்லாத தீவுக்கு மாத்தியிருப்பேன். அணிவகுப்பைப் பாத்துட்டுப் படையை எடை போடறதா? காட்டினதைப் பாக்கறதுக்குக் கண்ணு போதும், மூளை எதுக்கு? முன்வரிசைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்க வேணாம்? இந்த வீட்டுல எத்தனை கதவு இருக்கு? நீ எத்தனையைத் திறந்தே?"

"அடுத்தவங்க வீட்டுக் கதவை நாங்க எப்படிங்க..."

"அந்தப் பால்கனியைத் திற."

"அப்பா" என்றாள் மிராங்.

"நீ சும்மா இரு. திறம்மா."

பியோன் தயங்கித் தயங்கித் திறந்தாள். காயப்போட்ட துணிகளுக்கும் கிம்ச்சி ஊறுகாய்த் தொட்டிக்கும் நடுவே, பூப்போட்ட போர்வை மூடிய ஒரு மேடு. போர்வையை எடுத்தாள். கமோடு நாற்காலி. அதன் பின்னால் வாக்கர். பக்கத்தில் டயாப்பர் பொட்டலங்கள்.

"பாத்தியா? பாத்ததும் என்ன தோணணும்? காட்டினவன் எதையோ மறைக்கிறான்னு தோணணும். இப்ப மறுபடி என்னை நடக்கச் சொல்லு. ஒரு தடவை எவனும் எதையும் செய்வான். அடுத்தாப்புல செய்ய முடியுதா, அதான் கணக்கு."

"இன்னொரு தடவை நடக்கறீங்களா ஐயா?"

மேஜை விளிம்பைப் பிடித்தார். இடுப்பு நாற்காலியை விட்டு எழும்பி, விழுந்தது. மறுபடி பிடித்தார். கால் வெடவெடவென்று ஆடியது. ஓக்தான் பக்கத்தில் போய் நின்றாள். விழுந்தால் பிடிக்க முழங்காலை மடக்கி நின்றாளே தவிர, தூக்கவில்லை. பரிசோதகர் பார்க்கட்டும். மூன்றாவது முயற்சியில் கால்சட்டையில் ஈரம் பரவி நாற்காலித் துணிக்கு இறங்கியது. மிராங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அதையும் எழுதிக்க."

பியோன் பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மகளையும் கேட்டாள், ஓக்தானையும் கேட்டாள். குளியலறையில் விழுந்த கதையை மிராங் அழுதுகொண்டே சொன்னாள். பெரியவர் இடையிடையே கேள்வி கேட்கும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் போனபிறகு ஓக்தான் அவருக்கு உடுப்பு மாற்றினாள். மெடல் வைத்த கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"ஏய்யா, எங்க வடக்குப் பால்கனிய என்னிக்காவது திறந்து பாத்தீங்களா நீங்க?"

அவர் வலது காலை நீட்டினார். அவள் சாக்ஸை உருவினாள்.

"யாரு திறக்க விட்டா?" என்றார்.

"அப்ப அந்த ரெண்டு லட்சம்?"

"அந்தப் பாங் இருக்கானே, அவன் பயந்தாங்கொள்ளி. சண்டை வந்துருமோன்னு பயம். அதான் ஆளைக் குறைச்சுக்கிட்டே வந்தான்."

"நீங்க?"

"எனக்கென்ன பயம்" என்றவர், "கொஞ்சம் கூட வெச்சாத்தானே நம்மாளுங்க முழிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

"உங்க ரெண்டு பேருக்கும் எங்க ஊரு ஆளே தேவலை. அவன் வயித்துக்குப் பொய் சொன்னான்."

சொல்லிவிட்டு வெந்நீர்த் துண்டைப் பிழிய எடுத்தவள் அப்படியே நின்றாள். காலையில் மாமிச சூப் ஊட்டியது யார், காலை உருவிவிட்டு ஜன்னல்வரை நடக்க வைத்தது யார்? மிராங்கை வைதாள், கிழவரை வைதாள். முன்வரிசையைத் தயார் பண்ணியது அவள் கைதான், அன்றைக்கும் இன்றைக்கும். அவள் தன்னையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு துண்டைப் பிழிந்து காயப்போட்டாள்.

முடிவு வந்தது. ஓக்தான் வருவது நிற்கவில்லை. முன்பைவிட அதிக உதவி தேவைப்படுகிறவர் என்று நிலை போட்டிருந்தார்கள். மிராங் அதைப் படித்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் குதித்தார்.

"மிகைப்படுத்திட்டா. நான் அவ்வளவு மோசமில்ல. மேல்முறையீடு பண்ணணும், போனை எடு."

"கஞ்சி ஆறுது" என்றாள் ஓக்தான்.

சில நாள் கழித்துப் பாங் ஹோசிக் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே பெரியவர் கட்டில் பக்கத்தைப் பார்ப்பதும் பால்கனியைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், "அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சிரேன்" என்றார்.

"எதை?"

"அதைத்தான்."

ஓக்தான் கமோடு நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில் வைத்து, பூப்போட்ட போர்வையால் மூடினாள். சொன்னால் மட்டும் திருந்தவா போகிறார்.

பாங் வந்தார். சிவந்த முகம், சாயம் பூசிய தலை. வாசலிலிருந்து சுவரைத் தொட்டுத் தொட்டு, படங்களைப் பார்க்கிற பாவனையில் கூடத்துக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். ஓக்தான் அவர் காலணியை ஒழுங்கு பண்ண வாசலுக்குப் போனாள். கதவுக்கு வெளியே, தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கைத்தடி சாய்த்து வைத்திருந்தது.

உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரெண்டு லட்சத்துக்குக் குறையாது."

"உன் ரெண்டு லட்சத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு. ஏம்மா, உங்க பட்டாலியன்ல எத்தனை பேரு இருந்தாங்க?"

"இன்னிக்கா, போன வாரமா?" என்றாள் ஓக்தான், பேரிக்காய்த் தட்டை வைத்துவிட்டு.

மிராங் திரும்பி வரும் நேரமாயிற்று. பாங் கிளம்ப வேண்டும் என்றார். நாற்காலிக் கையைப் பிடித்தார், கொஞ்சம் எழும்பினார், உட்கார்ந்தார். "சரி, இன்னும் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்" என்று மறுபடி படைப்பிரிவுகளுக்குப் போனார். பெரியவரும் விடாமல் பேச்சுக் கொடுத்தார். அவர் கண் மட்டும் நண்பரின் முழங்காலைப் பார்த்துவிட்டு விலகியது.

ஓக்தான் வெளியே போய்க் கைத்தடியை எடுத்து வந்து, பாங்கின் முழங்காலில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி படையை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.